சாமிக்கு வைக்காத போளி

அமல்,

திங்கட்கிழமை காலை ஓசூர் பஸ் நிலையத்தில், பெங்களூர் வண்டியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ திரும்பிக் கேட்டாய்: "அம்மா, நீ எப்படிம்மா அத்தன வருஷம் வித்த?" கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பின்னால் ஏற நின்றவர்கள் உன் பையை இடித்தார்கள். "போயிட்டு வா கண்ணு, வேளைக்குச் சாப்பிடு" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. உன் கேள்விக்கு அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். வண்டி போன பிறகு மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் பதிலைக் கோத்துக்கொண்டு வந்தேன். நேரில் சொல்லியிருந்தால் இரண்டொரு வாக்கியத்தில் முடித்திருப்பேன், அதிலும் பாதி உண்மையாக இருந்திருக்காது. எழுதும்போதுதான் எனக்குப் பேச வருகிறது. உனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேட்காமல் பேச்சுப் போட்டிக்கு உன் பேரைக் கொடுத்த வாத்தியாருக்கு, வர முடியாது என்று நீ எழுதிய மன்னிப்பை அவர் என்னிடம் காட்டி, "இதையே மேடையில படிச்சிருந்தா முதல் பரிசு வாங்கியிருப்பாம்மா உங்க பையன்" என்றார். நான் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்ன செய்திதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உன் மேனேஜர் போன வாரம் ஒரு நாள் உன்னோடு வந்தார். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தில் டையோடு நீ நின்றாய். அந்த அம்மாள் "ஏனப்பா, ஏனு பேக்கு?" என்று கேட்டாள், என்ன வேண்டும் என்று. உனக்கு வாய் வரவில்லை. மேனேஜரே பேசி முடித்தார். தெருவுக்கு வந்ததும் அவராகவே, "உனக்குக் கன்னடம் வராதா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். நீ தலையை ஆட்டிவிட்டாய். அவ்வளவுதான் நடந்தது. இப்போது அவர் இரக்கப்பட்டு உன்னைச் சேலம் கிளைக்கு மாற்றப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கேட்பார். நீ சரி என்றால் அடுத்த மாதம் சேலம். இல்லையென்றால், இத்தனை மாதமாக நீ விற்றது போதாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "சேலத்துல நம்ம பாஷ, நம்ம ஜனம். எம்மவன் கலக்கிடுவான் பாரு" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. "ஆனா ஏன்டா, உனக்கா கன்னடம் தெரியாது? போன வருஷம் ஆஸ்பத்திரியில எனக்காக அந்த டாக்டரம்மாகிட்ட கடகடன்னு பேசுனது ஆரு, பக்கத்து வீட்டுக்காரனா?"

"அது வேறப்பா."

"இன்னாடா வேற? அதே வாய்தானே?"

நீ சிரித்தாய். ஆபீசில் உன் எதிரிலேயே உன்னைப் பற்றிக் கன்னடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னாய். "'ஒள்ளே ஹுடுகா, பாயே இல்ல'ன்னு சொல்றாங்கப்பா. நல்ல பையனாம், வாயே இல்லியாம். நான் ஒண்ணும் புரியாத மாதிரி ஃபைலப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்." அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "உங்கம்மா வாயில இருந்து ஒரு வார்த்த வாங்கணும்னாகூட டெண்டர் போடணும். அந்த ரத்தம்தான்டா உனக்கும்" என்றார். வேலைக்குப் போன நாளிலிருந்து நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் உன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தேன். "போதும்மா, போதும்மா" என்று நீ கையை நீட்டித் தடுத்தது அதனால்தான். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். நான் பல வருடம் ஆட்டிக்கொண்டிருந்த தலை அது.

நீ கேட்டதற்கு முதலில் வருகிறேன். நான் எப்படி விற்றேன்? பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன். உனக்கு நாலு வயதாகும்போது, அப்பாவின் சம்பளம் வீட்டு வாடகைக்கும் ஊத்தங்கரையில் இருந்த அவர் தங்கச்சிகளுக்கும் போய்க்கொண்டிருந்த நேரம், திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை வரவழைத்து இங்கே லேத் பட்டறைகளுக்குப் போடலாம் என்று அப்பாதான் ஆரம்பித்தார். பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணி, தைத்துக் கழித்ததும் கலந்து வரும். மெஷினில் எண்ணெய் துடைக்க, கை துடைக்க எந்தப் பட்டறைக்கும் அது வேண்டும். அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வந்ததால் விற்கிற வேலை என் தலையில் விழுந்தது. சாமல்பட்டியில் என் பிறந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிற பெண் நான். ஊரே வேறு, பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தெலுங்கு, எல்லாரும் ஆண்கள், எல்லா இடத்திலும் இரும்புச் சத்தம். முதல் நாள் ஒரு பட்டறை வாசல் வரை போய், காலிலிருந்த செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து, அப்படியே திரும்பிவிட்டேன். இரண்டாம் நாளும் செருப்பு வார்தான்.

பிறகு எனக்கு ஒரு வழி தெரிந்தது. நான் வாசலில் நின்று தைரியம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் கண் சும்மா இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் கை துடைக்கிற ஆட்களைப் பார்த்தேன். துணிக் குவியலில் கையை விட்டு, எடுத்ததைப் பார்த்து, சிலதைத் திரும்ப வீசினார்கள். வீசியதெல்லாம் நைலான் கலந்த துண்டு, எண்ணெயை இழுக்காது. சிலர் விரலை உதறினார்கள், துணியோடு தைத்திருந்த பட்டன் கீறியிருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மூட்டையைக் கொட்டி, கலப்புத் துணியை ஒதுக்கி, பட்டனையும் கெட்டித் தையலையும் வெட்டி எடுத்து, ஒரு சின்னக் கட்டு கட்டினேன். மறுநாள் உள்ளே போய் அதை மேசையில் வைத்து, "இதுல பட்டன் இருக்காது, எல்லாம் காட்டன்" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. "அடுத்த செவ்வாக்கிழம வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை போனேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன். மழையிலும் போனேன், உனக்கு அம்மை போட்டு இறங்கிய வாரத்திலும் போனேன். விலை குறைத்துக் கேட்டவர்களிடம் பேரம் பேசத் தெரியாமல் பேசாமல் நின்றேன். நான் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டு அவர்களே ஒத்துக்கொண்டார்கள். "வேஸ்ட் அக்கா வந்தாச்சு, மணி பாத்துக்கங்கடா" என்று பையன்கள் கேலி செய்கிற அளவுக்கு ஆயிற்று. மெல்ல மெல்ல இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பாதி எங்கள் துணியில்தான் கை துடைத்தன.

ஆகவே நம்மைப் போன்றவர்களால் விற்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். முடியும். பார்க்கத் தெரிந்திருந்தால் போதும், உண்மையாக ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சொன்ன நாளில் திரும்பிப் போனால் போதும். பேசுகிறவன் முதல் தடவையில் விற்கிறான். நாம் இரண்டாம் தடவையில், மூன்றாம் தடவையில் விற்கிறோம். அவர்களுக்கு நம் முகம் பழகுகிற வரைக்கும் நாம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு ஆகிற செலவை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்த பிறகும் எனக்குத் தலைக்குள் இரைச்சலாக இருக்கும். பாகலூர் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் ஏறி, கடைசி வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருவேன். "பாகலூர்லயும் நமக்குப் பட்டறை இருக்காம்மா?" என்று நீ ஒரு தடவை கேட்டாய். இருக்கிறது என்றேன். அங்கே எனக்கு ஒரு பட்டறையும் இல்லை கண்ணு. யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் இருந்தது.

இப்போது நாகராஜப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ என்னோடு அவர் பட்டறைக்கு வந்திருக்கிறாய். கன்னடக்காரர், நரைத்த மீசை, காதில் பென்சில். எங்களிடம் துணி எடுத்தவர்களில் பெரியவர் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எடுத்தார்கள். வியாபாரம் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருக்கும், ஆயுத பூஜைக்கு வரச் சொன்னார். நீ இந்த ஊரில் வளர்ந்தவன், உனக்குத் தெரியும், இங்கே தீபாவளியைவிட அதுதான் பெரிது. லேத்தைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காயை உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். பட்டறைக்குச் சரக்குப் போடுகிற அத்தனை பேரும் அன்றைக்கு வருவார்கள். எண்ணெய் டிரம் போடுகிறவர், வெல்டிங் ராடு போடுகிறவர், டூல்ஸ் போடுகிறவர் எல்லாரும் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூஜை முடிகிறவரை இருந்து, இலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆனால் யார் வந்து உட்கார்ந்தார் என்பது அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் நிற்கும். அது ஒரு கணக்கு, யாரும் எழுதி வைக்காத கணக்கு.

நான் போனேன், அமல். நீல நிறப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, தெருமுனை வரைக்கும் போனேன். ஷெட் நிறைய ஆட்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. அவ்வளவு பேருக்கு நடுவில் எந்த நாற்காலியில் போய் உட்காருவது, உட்கார்ந்து யாரைப் பார்ப்பது, என்ன பேசுவது? செவ்வாய்க்கிழமையென்றால் என் கையில் கட்டு இருக்கும், அதை வைக்க ஒரு மேசை இருக்கும். அன்றைக்குக் கை வெறுங்கை. வந்த வழியே திரும்பிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். நாகராஜப்பாவே எழுந்து வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நீங்க கிறிஸ்டியன், பூஜைக்கு வரக் கூடாதுன்னு எனக்குத் தோணவேயில்ல. எங்க வீட்ல சொல்லித்தான் புரிஞ்சுது. உங்கள சங்கடப்படுத்திட்டேன்" என்றார்.

உன் அப்பா ஒவ்வொரு வருடமும் தன் கம்பெனி ஆயுத பூஜையில் முதல் வரிசையில் நின்று, சட்டை நிறையக் குங்குமத்தோடு வந்து, உனக்குப் பொரிப் பொட்டலம் கொடுப்பார். சர்ச் சாமியார் அதைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கு மதம் தடையே இல்லை. ஆனால் நாகராஜப்பா எவ்வளவு மரியாதையான ஒரு காரணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார் பார். "எனக்குக் கூட்டம் என்றால் பயம்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கிறிஸ்துவச்சி என்பதில் கூச்சம் இல்லை. தலையை ஆட்டினேன். அவர் முகம் தெளிந்தது, என் நெஞ்சும் தெளிந்தது. நீ மேனேஜரிடம் ஆட்டிவிட்டு எவ்வளவு இலேசாக உணர்ந்திருப்பாய் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. பூஜைக்கு மறுநாள் ஒரு பையன் சைக்கிளில் வந்து தூக்குப்பாத்திரம் ஒன்றைக் கொடுப்பான். நெய் மணக்கிற போளி, அவர்கள் ஒப்பட்டு என்பார்கள். "அய்யா சொல்லச் சொன்னாருங்க, இது சாமிக்கு வைக்காததாம், தனியா எடுத்ததாம். நீங்க சாப்பிடலாமாம்" என்று ஒப்பிப்பான். உனக்கு அந்தப் போளி எவ்வளவு பிடிக்கும் என்று நினைவிருக்கும். எனக்கு ஒவ்வொரு வருடமும் முதல் வாய் இறங்காது. பிறகு அதுவும் பழகிவிட்டது. நானும் தூக்குப்பாத்திரத்தைக் கழுவி, கிறிஸ்துமஸுக்கு அதில் அதிரசம் வைத்து அனுப்பினேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற பட்டறைகளிலும் சொல்லி வைத்தது போல, "அக்கா பூஜைக்கெல்லாம் வர மாட்டாங்க, அவங்க வேற" என்று ஆகிவிட்டது. எனக்கு அது ஒரு வேலி மாதிரி. வேலிக்கு உள்ளே நிம்மதியாக இருந்தேன்.

பிறகு செல்வம் வந்தான். திருப்பூர்ப் பக்கத்துப் பையன், சொந்த வண்டி, வாய் நிறையப் பேச்சு. அவன் துணியில் பட்டன் இருந்தது என்பது உண்மை. அதைச் சொல்லி ஆறுதல் அடைய எனக்கு இஷ்டமில்லை, கொஞ்ச நாளில் அவனும் பட்டனை எடுக்கக் கற்றுக்கொண்டான். கெட்டவன் இல்லை. அவனுக்கு மனிதர்களைப் பிடிக்கும், அதை நடிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாளே ஒவ்வொரு பட்டறையாகப் போய் வாழைக்கன்று கட்டினான். பூசணிக்காயை அவனே தூக்கி உடைத்தான். பையன்களோடு பந்தியில் உட்கார்ந்து, "மாமா, இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துங்க, துணி வித்து இளச்சிட்டேன்" என்றானாம். இதெல்லாம் உன் அப்பா கேட்டு வந்து சொன்னது. நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம் நாகராஜப்பா பெரிய ஷெட் கட்டினார். அதற்குப் பூஜை போட்டுத் திறந்த அன்றே, புது ஷெட்டுக்கு யார் யார் சரக்கு என்று முடிவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் கட்டோடு போனேன்.

அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். வழக்கமாக நான் நின்றுதான் பேசுவேன், அவரும் அதற்குப் பழகியிருந்தார். நாற்காலி போடச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "நோடம்மா, பாருங்க, உங்க சரக்குல ஒரு குறையுமில்ல. புது எடத்துல எல்லாம் பூஜையோட ஆரம்பிக்கணும்னு வீட்ல ஆசப்பட்டாங்க. சரக்குப் போடறவங்க அத்தன பேரும் வந்து நிக்கணும்னாங்க. உங்களக் கூப்பிட்டா உங்க மனசு கஷ்டப்படும். கூப்பிடாம விட்டா மரியாத இல்ல. அதான் அந்தப் பையனுக்கே கொடுத்திடலாம்னு..." என்று முடிக்காமல் நிறுத்தினார். அவருக்கே வருத்தமாக இருந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அனுப்பினார்.

அப்போதுதான், அத்தனை வருடம் கழித்து, சொன்னேன். "மதமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் கம்பெனி பூஜைக்குப் போறாருங்க. எனக்குக் கூச்சம். கூட்டம்னா வராது. அதான் வரல."

"ஹௌதா? அப்படியா?" என்று சிரித்தார். நான் வியாபாரத்துக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். "பத்து வருஷமா இத்தன ஆம்பளைங்க நடுவுல வந்து யாவாரம் பண்றீங்க. உங்களுக்குக் கூச்சமா? என்னம்மா நீங்க?"

"நெஜமாத்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று மெல்ல அவருக்குத் தெரிந்தது. சிரிப்பு போயிற்று. காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப அந்த ஒப்பட்டு?" என்றார். நான் கையிலிருந்த கட்டைப் பார்த்தேன். "எங்க வீட்ல வருஷா வருஷம் உங்களுக்குன்னு தனியா மாவு பெசஞ்சு வெப்பாங்கம்மா. படையலுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி தனியா சுட்டு எடுத்து வெப்பாங்க. மொதல்ல சாமிக்குத்தான் எடுக்கணும்னு எங்கம்மா திட்டுவாங்க. பாவம், அந்தப் பொண்ணு சாப்பிடணுமில்லன்னு இவ சண்ட போடுவா. நான் போய் இன்னைக்கு அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

வியாபாரம் போனது அந்தச் செவ்வாய்க்கிழமை. அதற்காக நான் பெரிதாக அழவில்லை. அந்த அம்மாளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தன் மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, தன் சாமிக்கு முன்னால் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தவள். அவளுக்கு நான் கொடுத்தது ஒரு பொய். உனக்கு "வியாபாரம் படுத்துடுச்சு" என்றுதான் சொன்னோம். அப்பாவுக்கும் அதற்கு மேல் தெரியாது. மற்ற பட்டறைகளும் ஒவ்வொன்றாகச் செல்வத்திடம் போயின. இப்போது நான் உட்கார்ந்து பட்டன் வெட்டுகிற மூட்டை அவனுடையது. "அக்கா, ஒங்க கை பட்டாத்தான் சரக்கு சரக்கா இருக்கு" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போவான். என்னை யாரிடமும் எதையும் விற்கச் சொல்வதில்லை. அது எனக்கு ஒத்துப்போகிறது என்று சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் வருத்தம்தான்.

இனி உன்னுடையது. பெங்களூர் நடைபாதையில் அப்பா உனக்கு வாங்கி வந்த விற்பனைப் புத்தகத்தை, நீ படிப்பதற்கு முன்னால் நான் படித்தேன். லைப்ரரியில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்த பழக்கத்தில் அதையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கதவு திறந்த அரை நிமிடத்தில் எதிராளியைப் பிடித்துவிட வேண்டுமாம். கூச்சம் என்பது ஒரு பழக்கமாம், சட்டை மாதிரிக் கழற்றிவிடலாமாம். எழுதியவர் நம்மைப் போன்ற ஆளோடு ஒரு நாள்கூட இருந்திருக்கமாட்டார். எனக்கு நாற்பது ஆகப்போகிறது, இன்னும் அந்தச் சட்டைக்குப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உன் கம்பெனி அந்தப் புத்தகத்தின்படி நடக்கிற கம்பெனி. ஒரு கதவை ஒரு தடவைதான் தட்டவிடுகிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை என்பது உனக்குக் கிடையாது. நான் சொன்ன வழியெல்லாம் திரும்பிப் போகிறவர்களுக்கு உள்ள வழி. உன் வேலையில் அதற்கு இடம் இல்லை. இதை யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், உனக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

சேலத்தில் கதவைத் திறக்கிறவர்கள் தமிழில் கேட்பார்கள். "என்னப்பா வேணும்?" என்பார்கள். அப்போதும் உனக்கு வாய் வராது, கண்ணு. எந்தப் பாஷையின் மேல் பழியைப் போடுவாய்? அங்கே இருக்கிற மேனேஜரும் ஒரு காரணம் தேடிக் கொடுப்பார். உடம்பு சரியில்லையா, வீட்டில் பிரச்சினையா என்பார். நல்லவர்கள்தான் இப்படிக் காரணம் கொடுப்பார்கள். நீ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவாய். ஆபீசில் உன் எதிரில் பேசுகிற பேச்சுக்கு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்வது போல, ஒவ்வொரு ஊரிலும் ஒன்றை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வாக்கியம், நல்ல பையன், வாயே இல்லை என்பது, உன்னைப் பற்றி அந்த ஆபீசில் யாரோ ஒருவர் சரியாகப் பார்த்துச் சொன்ன வார்த்தை. அதில் வசவு இல்லை. அதை நீ எழுந்து நின்று, ஆமாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கலாம். நீயோ புரியாதவனாக இருந்துவிட்டாய்.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடும்போது, சேலம் வேண்டும் வேண்டாம் என்பதற்கு முன்னால் அவரிடம் சொல். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும் சார், அன்றைக்கு நீங்கள் நினைத்தது தப்பு, எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கன்னடத்திலேயே சொல், இல்லையென்றால் நம்பமாட்டார். அவர் நாகராஜப்பாவைப் போல முதலில் சிரிப்பார். பிறகு, இத்தனை நாள் ஆபீசில் பேசியதெல்லாம் உனக்குப் புரிந்ததா என்று அவர் முகம் சிவக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீ நிற்க வேண்டும். உன்னைச் சேலத்துக்கு அனுப்ப அவருக்கு இனி ஒரு காரணமும் இருக்காது. பெங்களூரில் வைத்துக்கொள்ளவும் இருக்காது. உண்மையைச் சொன்னால் மெச்சி வேலை கொடுப்பார் என்று நான் எழுதினால், நானும் அந்தப் புத்தகத்தைப் போல ஆகிவிடுவேன். வேலை போகும். அநேகமாக அன்றைக்கே போகும். அப்பாவின் கம்பெனியில் இரண்டு ஷிப்டை ஒன்றாக்கிவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். வேறு வேலை கிடைக்குமா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. எங்கேயும் நம்மைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

இருந்தும் சொல் என்கிறேன். இப்போது சொன்னால் போவது வேலை மட்டும்தான். உனக்காக யாரும் இன்னும் தனியாக எதையும் எடுத்து வைக்கத் தொடங்கவில்லை. அந்த மேனேஜர் உனக்காக மேலே யாரிடமாவது வாதாடி, சேலத்தில் இடம் வாங்கிக் கொடுத்த பிறகு சொல்வது வேறு. அப்போது சொல்ல வாய் வராது, வந்தாலும் அவருக்குத்தான் அடி.

நீ சொல்லாமல் சேலத்துக்குப் போய்விட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுச் சனிக்கிழமை பெட்டியோடு வந்து இறங்கினால், அப்பா ஏன்டா என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார். முன்னெல்லாம் உனக்குப் பதில் நான் ஏதாவது சொல்லிவிடுவேன், காய்ச்சல் என்றோ லீவு என்றோ. இந்தத் தடவை சொல்லமாட்டேன். நீயே சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா